உதவி: அக்கா

அந்த வீட்டில் கோடு போடுவது எப்போதும் அக்காதான். கேன்வாஸ் எத்தனை பெரிதாக இருந்தாலும் முதலில் அதன் குறுக்கே ஒரு கோடு விழும். கோட்டுக்கு மேலே வானம்; அது தம்பிக்கு. கோட்டுக்குக் கீழே வயல், வாய்க்கால், வேலி, வண்டித் தடம், மேய்கிற ஆடு என்று தரையில் கிடக்கிற அத்தனையும் அக்காவுக்கு. அவன் பிரஷ் கோட்டைத் தாண்டிக் கீழே வராது. அவள் பிரஷ் மேலே போகாது. ஒரு மரத்தின் உச்சி வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தால்கூட அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நீட்டுவாள். சின்ன வயதில் ஒரே அட்டைக்காக இருவரும் முடியைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டபோது, அம்மா அடுப்புக்கரியை எடுத்து அட்டையின் நடுவில் ஒரு இழு இழுத்து, "பெரியவ கீழே, சின்னவன் மேலே, இனிமே சத்தம் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா இறந்தே பன்னிரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு நின்ற சத்தம் மட்டும் திரும்ப வரவேயில்லை.

அக்காவுக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. கட்டிக்கொண்டு போன இடத்திலிருந்து மூன்றே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். தம்பிக்கு அறுபத்தொன்று, அவன் எங்கேயுமே போகாதவன். ஊரில் பெரியவர்களிலிருந்து தபால்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அக்கா, அவன் தம்பி. படத்தின் கீழ் மூலையில் போடுகிற கையெழுத்தும் அதுதான்: 'அக்கா தம்பி'.

படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிற கடைக்காரரை ஊரில் வக்கீல் என்பார்கள். காலையிலிருந்து மாலை வரை சட்டம், சட்டம் என்றே பேசுகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது. அந்த வக்கீல் இவர்களுக்கு வைத்த பெயர் மேல்மாடி, கீழ்வீடு. "மேல்மாடி காஞ்சிருச்சு. கீழ்வீடு இன்னும் ஈரமா இருக்கே, நாளைக்கு வாங்க" என்பார். கேட்டுக் கேட்டு அக்காவுக்குச் சிரிப்பு வருவது நின்று பல காலம் ஆகிவிட்டது.

கோடு ஆரம்பத்தில் நடுவில்தான் இருந்தது. ரொம்ப வருடம் அங்கேயே இருந்தது. அம்மா படுக்கையில் விழுந்த வருடம்தான் அது முதன்முதலில் இறங்கியது. அம்மாவைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, துணி அலசிக் காயப்போட்டு, தம்பிக்கும் சேர்த்து ஆக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், வயலுக்கென்று அக்காவிடம் மிஞ்சுவது அரைமணி நேரம். அந்த அரைமணியில் என்னத்தை உழுது என்னத்தை நடுவது. கோட்டை ஒரு சாண் இறக்கிப் போட்டாள். வயல் குறைந்தால் வேலை குறையும். காரணம் அவ்வளவுதான், வேறு ஒன்றுமே இல்லை.

"என்னக்கா, இவ்வளவு எறங்கிருச்சு?" என்று தம்பி கேட்டான்.

"இருக்கட்டும்" என்றாள்.

அவனும் அந்தச் சாணையும் சேர்த்து மேகம் போட்டு நிரப்பினான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியூர்ப் பத்திரிகை ஒன்றில் அரைப்பக்கம் எழுதினார்கள். இவர்களுடைய பார்வை விரிந்திருக்கிறதாம். மண்ணிலிருந்து விடுபட்டு எல்லையற்றதை நோக்கிப் போகிறதாம். அக்கா அதை அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். விரிந்தது பார்வை இல்லை, அம்மாவின் முதுகுப் புண் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது. பத்திரிகையை மடித்து மருந்துத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அம்மா போன பிறகு கோடு திரும்ப மேலே ஏறியிருக்கலாம். ஏறவில்லை. அடுத்த வருடம் முழங்கால். வாய்க்கால் கரை வரை நடந்து பார்த்துவிட்டு வருவது நின்றது. அதற்கடுத்து விரல் கணுக்களில் வீக்கம். மெல்லிய பிரஷைப் பிடித்தால் பத்து நிமிடத்தில் கை கழன்று விழும்போல இருக்கும். அப்புறம் குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லாத ஒரு அலுப்பு. தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை அது. தூக்கத்துக்குள்ளேயே கூட வருகிறது. கோடு பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகி, நாலில் ஒன்றாகி, கடைசியில் மூன்று விரல்கடைக்கு வந்து நின்றது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் பாராட்டு மட்டும் ஏறியது. இப்போது அக்காவின் பங்கு ஒரே பழுப்பு, அதன் மேல் நாலு பச்சைத் தீற்றல். டியூபைப் பிதுக்கி அப்படியே இழுத்துவிடுவாள். 'அக்கா தம்பி' என்று கையெழுத்துப் போட்டால் அவள் நிலத்தில் கால்வாசியை அதுவே எடுத்துக்கொள்ளும்.

இப்படி இருக்கும்போதுதான் சங்கத்துச் செயலாளர் வந்தார்.

வட்டார ஓவியர் சங்கத்தில் மொத்தம் ஏழு பேர். செயலாளர் மாடு மட்டும்தான் வரைவார். இன்னொருவர் வீட்டு வாசற்கதவுகள். இன்னொருவருக்குக் குளம். யாரும் யாருடைய எல்லைக்குள்ளும் வரக் கூடாது என்று எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். வருடா வருடம் நூலகத்துக் கூடத்தில் கண்காட்சி நடக்கும். இது இருபத்தைந்தாவது வருடம் என்பதால் தலைப்பெல்லாம் வைத்திருந்தார்கள்: 'நம் மண், நம் ஓவியர்கள்'. நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஆறடிக்கு ஆறடியில் ஒரே ஒரு பெரிய படம். அதை அக்காவும் தம்பியும் செய்து தர வேண்டும். அதற்கு மூன்று வாரம் இருந்தது. கேன்வாஸை வக்கீலே இழுத்துக் கட்டி, வெள்ளை அடித்து, வண்டியில் கொண்டுவந்து பின்னறையில் சாத்திவிட்டுப் போயிருந்தார்.

செயலாளர் கையில் அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் புத்தகம் இருந்தது.

"அக்கா, நீங்கதான் எழுத்து சுத்தமா பாப்பீங்க. பிழை கிழை இருந்தா சொல்லுங்க" என்று நீட்டினார்.

அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். மாடு இரண்டு பக்கம். கதவு ஒரு பக்கம். ஐந்தாம் பக்கத்தில் தம்பியின் முகம் பெரிதாக. மேலே 'வானத்தின் ஓவியர்' என்று தடித்த எழுத்து. அவனைப் பற்றிப் பதினைந்து வரி. அதற்கும் கீழே, பக்க எண்ணுக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் இரண்டே வார்த்தை: உதவி: அக்கா.

அவள் அந்த இரண்டு வார்த்தையைப் பதினைந்து வரி படிக்கிற நேரம் படித்தாள்.

"இது யாரு போட்டது?"

செயலாளர் எட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. "கமிட்டியிலதான் பேசினாங்க அக்கா. ஒரு பக்கத்துக்கு ஒரு பேருதான் பெரிசா போடணும்னு. படத்துல பாத்தீங்கன்னா... பெரும்பாலும் வானம்தானே. தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் ஒண்ணும் முடிஞ்சு போகல. பெரிய படம் வந்ததும் போட்டோ எடுத்து நடுப்பக்கத்துல போடுறோம், அதுக்கப்புறம்தான் அச்சு. அதைப் பாத்துட்டு மாத்தணும்னா மாத்திக்கலாம்."

"எழுத்துப் பிழை ஒண்ணுமில்ல" என்று அக்கா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

தம்பி பின்பக்க பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தவன் அப்போதுதான் எழுந்து வந்தான். அவன் வேலையே அதுதான், மல்லாந்து படுத்து மேலே பார்ப்பது. செயலாளர் அவனிடமும் பக்கத்தைக் காட்டினார். அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த போட்டோல என் கழுத்து ஏன் இப்படிக் கோணிக்கிட்டு நிக்குது?" என்றான். டீ குடித்தான். டம்ளரைக் கழுவாமல் வைத்தான்.

அக்கா அந்த டம்ளரை எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்தாள். செயலாளர் மாட்டுக்காரர், அவருக்கு என்ன தெரியும். கமிட்டிக்காரர்கள் படத்தை அடிக்கோல் வைத்து அளக்கிற ஆட்கள். இவன்? கூடப் பிறந்தவன், ஒரே அட்டையில் உருண்டவன், அவனுக்கும் கண்ணில் பட்டது தன் கழுத்துதான். இவன் வானம் பெரிதானதே என் முதுகு ஒடிந்ததால் என்று ஒரு நாளாவது நினைத்திருப்பானா. அன்று சாப்பாட்டில் உப்பு போட மறந்தாள். அவன் அதையும் சொல்லாமல் சாப்பிட்டுப் போனது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

படுத்தபடி யோசித்துப் பார்த்தாள். வழக்கம்போல மூன்று விரல்கடை விட்டால் கமிட்டி சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். நடுப்பக்கத்தில் போட்டோவும் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் அவள் ஓவியர் இல்லை, ஒருவனுக்குத் தூரிகை கழுவிக் கொடுத்தவள். ஐம்பத்தைந்து வருடம் ஒரு வேலையைச் செய்துவிட்டுப் பக்க எண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

மறுநாள் காலை அடுப்பை அணைத்துவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனாள்.

பெரிய கேன்வாஸுக்கு அவர்கள் கோலால் கோடு போடுவதில்லை, நூலால் போடுவார்கள். கரித்தூள் தடவிய நூலை இந்த ஓரத்தில் அக்கா பிடிப்பாள், அந்த ஓரத்தில் தம்பி பிடிப்பான். எந்த உயரம் என்று அவள் சொல்வாள். இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு சுண்டினால் நேர்கோடு விழும். தம்பி நூலின் முனையை வாங்கிக்கொண்டு பழக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அடியிலிருந்து மூன்று விரல்கடையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அங்க இல்ல. மேல" என்றாள்.

ஒரு சாண் ஏற்றினான்.

"மேல."

முழங்கால் உயரத்துக்கு வந்தான். திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"இன்னும் மேல."

எழுந்து நின்றான். நூல் பாதியைத் தாண்டியது. அம்மா போட்ட இடத்தைத் தாண்டியது. அக்கா தன் பக்கம் ஸ்டூலில் ஒரு காலை வைத்து, சுவரைப் பிடித்து, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறினாள். கேன்வாஸ் அவள் தலைக்கும் மேலே சாத்தியிருந்தது.

"இன்னும் எவ்வளவுக்கா?"

"மேலேருந்து மூணு விரல்கடை விடு. ஒனக்கு அது போதும்."

அவன் கையை உயர்த்திப் பிடித்தான். அவள் சுண்டினாள். டுப்பென்று சத்தம் வந்தது. கருப்பாக ஒரு கோடு, ஓரத்திலிருந்து ஓரம் வரை, வானத்தை உத்தரத்தோடு ஒட்டி வைத்த மாதிரி விழுந்தது. கரித்தூள் கொஞ்சம் அவள் புடவை மேல் உதிர்ந்தது.

அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கித் தயாராக நின்றாள். ஐம்பத்தைந்து வருடமாக வராத சத்தம் இன்றைக்கு வரட்டும் என்றுதான் நின்றாள். சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வாயில் வந்து நின்றது. புண், துணி, முழங்கால், கழுவாத டம்ளர்.

தம்பி நூலை விரலில் சுற்றிக்கொண்டே கோட்டைப் பார்த்தான். பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பாடா" என்றான்.

"என்னடா அப்பாடா?"

"கழுத்து போச்சுக்கா. இத்தனை வருஷமா அண்ணாந்து அண்ணாந்து... படுத்தாலும் வலிக்குது, ஒக்காந்தாலும் வலிக்குது. போட்டோலயே தெரியுது பாரு. நீ பாட்டுக்கு வருஷா வருஷம் எறக்கிக்கிட்டே போற. நான் என்ன பண்ணுவேன். மேகமெல்லாம் தீந்து போச்சுக்கா. போன வருஷம் போட்டது அதுக்கு முந்தின வருஷத்து மேகம்தான். கண்ணாடில பாத்து இடம் வலமா மாத்திப் போட்டேன். ஒருத்தனும் கண்டுபிடிக்கல. புதுமைன்னு எழுதினான்."

அக்காவுக்கு வாயில் வரிசையாக நின்றதெல்லாம் கலைந்து போயிற்று. "அப்ப வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்றது. அக்கா ஆசையா தன் பங்கை விட்டுக் கொடுக்குது, தம்பி பெரிசா வரட்டும்னு. அதைப் போய் வேண்டாம்னா ஒனக்கு மனசு கஷ்டப்படாதா? அதான் வாய மூடிக்கிட்டு ரொப்பினேன்."

"ஆசையாவா?" அக்கா சுவரோரம் கிடந்த பெட்டி மேல் உட்கார்ந்தாள். "முடியலடா. எனக்கு முடியல. அதான் எறக்கினேன். மொத வருஷம் அம்மாவுக்காக. அப்புறம் எனக்கே முடியாம. ஒன்னைப் பெரியாளாக்கணும்னு நான் நெனைக்கவே இல்ல."

பதின்மூன்று வருடம். ஒரு நாள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக்கி வெளியே விட்டாள்.

"அந்தப் புஸ்தகத்துல ஒன் பேரு..." என்று தம்பி ஆரம்பித்தான். "நேத்தே கேக்கணும்னுதான் இருந்தேன். வாயில வரல. நான் கேட்டா, என் பேரு பெரிசா வந்துருச்சுன்னு ஒனக்குக் குத்திக் காட்டுற மாதிரி ஆயிடுமோன்னு..."

"போதும் நிறுத்து. ஒன் யோசனையெல்லாம் இப்படித்தான் போகும்."

கோபம் போன இடத்தில் அலுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. எதிரே ஆறடி அகலத்துக்கு, ஏறக்குறைய அதே உயரத்துக்கு வெறும் வெள்ளை. அத்தனையும் இனி அவளுடையது. ஆத்திரத்தில் பிடுங்கிக்கொண்ட நிலம். இந்தக் கையை வைத்துக்கொண்டு மூன்று வாரத்தில் இதை யார் உழுவது. மூன்று விரல்கடைக்கே மூச்சு வாங்கினவள். பார்க்கப் பார்க்க அந்த வெள்ளை பெரிதாகிக்கொண்டே போவதுபோல இருந்தது. பயமாகவும் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தம்பிக்கு அது புரிந்திருக்க வேண்டும். தோளில் கிடந்த துணியை எடுத்தான். "வெறும் கரிதானேக்கா. ஒரு தட்டு தட்டினா போயிடும். பழையபடி கீழயே போட்டுக்கலாமா? என் கழுத்தை நான் பாத்துக்கறேன்."

அவள் அந்தத் துணியைப் பார்த்தாள். ஒரு தட்டு தட்டினால் போதும். எல்லாம் நேற்று மாதிரி ஆகிவிடும். மூன்று நாளில் அவள் பங்கு முடிந்துவிடும், அப்புறம் படுத்துக்கொள்ளலாம். நடுப்பக்கத்தில் போட்டோ, ஐந்தாம் பக்கத்தில் இரண்டு வார்த்தை. படுத்துக்கொள்ள எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"தொடைக்காத" என்றாள். "நீ கீழ வா."

"எங்க?"

"கோட்டுக்குக் கீழ."

அவன் கோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அறுபத்தொரு வயது மனிதன், அடுத்த வீட்டு வேலியைத் தாண்டச் சொன்னது போலத் தயங்கினான். "நெசமாவா?"

"நெசமாத்தான். வலது பக்கம் நீ, இடது பக்கம் நான். எனக்குக் கை விட்டுப் போனா அங்கயும் நீ."

தம்பி போய் வண்ணம் குழைக்கிற பலகையை எடுத்து வந்தான். பெரிய பிரஷ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது வானத்துக்கானது என்று வைத்துவிட்டு, வேறு ஒன்றை எடுத்தான். டியூப்களைப் புரட்டினான். நீலம் எங்கே இருக்கிறது, வெள்ளை எங்கே இருக்கிறது என்று இருட்டில்கூட அவனுக்குத் தெரியும். பழுப்பும் பச்சையும் கிடக்கிற இந்தப் பக்கத்தை அவன் தொட்டதே இல்லை.

"அக்கா, மண்ணுக்கு என்ன கலரு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பழுப்பு என்று வந்தது. டியூபில் போட்டிருக்கிற பெயர் அது. வேறு ஏதாவது வருமா என்று கொஞ்சம் காத்திருந்தாள். பத்து வருடமாக அந்த மூடியைத் திறந்து பிதுக்கி இழுத்ததுதான் கண்ணில் வந்தது. வாய்க்கால் கரை வரவில்லை. உழுது போட்ட கட்டி வரவில்லை. சன்னலுக்கு வெளியே, துணி காயப்போடுகிற கொடிக்கு அந்தப் பக்கம்தான் கிடக்கிறது அத்தனை வயலும். கொடியைத் தாண்டி அவள் போய் எத்தனை வருடம் ஆகிறது.

"தெரியலடா" என்றாள்.

தம்பி பலகையைக் கீழே வைத்தான்.

"மாட்டுக்காரர் போட்டதுல பிழை இல்லடா. எழுத்துலயும் இல்ல, விஷயத்துலயும் இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் நேற்றிலிருந்து எங்கே வலித்தது என்று அவளுக்கே தெரிந்தது. கமிட்டி பொய் சொன்னதற்காக அல்ல. அவர்கள் சொன்னது உண்மையாகிப் போனதற்காகத்தான் வலித்தது.

தம்பி போய்ப் பின்கதவைத் திறந்து வைத்தான். அவளுடைய செருப்பை எடுத்து வந்து போட்டான். படி இரண்டும் அவளுக்கு உயரம்; தோளைக் கொடுத்தான். கொடியில் கிடந்த துணியை விலக்கிக்கொண்டு இருவரும் வெளியே போனார்கள். அவள் நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்றாள். அவன் பழக்கத்தில் மேலே பார்த்துக்கொண்டே நடந்து ஒரு கட்டியில் இடறினான். வெயில் இன்னும் சூடாகவில்லை. முந்தின நாள் யாரோ தண்ணீர் விட்டிருந்த வரப்போரத்தில் அக்கா முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மெல்ல உட்கார்ந்தாள். திரும்ப எழுந்திருப்பது எப்படி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் பரப்பினாள். பழுப்பே இல்லை. மேலே சாம்பல், அதை உடைத்தால் உள்ளே செங்கல் தேய்த்த மாதிரி ஒன்று, ஈரம் இருந்த பக்கம் கிட்டத்தட்ட ஊதா. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மூணு விரல் வானத்துக்கு 'உதவி: தம்பி'ன்னு போடச் சொல்லலாமா?" என்றான் கடைசியில்.

"மொதல்ல படம் முடியுதான்னு பாப்போம். முடியாமயே போகலாம்."

"முடியலன்னா?"

"முடியலன்னா முடியல. பாதி வெள்ளையா தொங்கட்டும். பேரு மட்டும் ரெண்டு போடணும், ஒரே அளவுல. அதைப் போய் நானே சொல்லிட்டு வரேன், நீ வர வேண்டாம்."

அவன் தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே எங்கோ மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

"டேய்" என்று அக்கா மண் ஒட்டிய கையால் அவன் முழங்காலில் தட்டினாள். "கீழ பாரு."

அவன் குனிந்தான். பிடரியில் நெட்டி முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது.